எழுத்துக்கு நிறம் தெரியும் பிள்ளைகள்: சினெஸ்தீசியாவும் ஓட்டிசமும்

எமது ஊர்களில் பதினைந்து வருடங்களுக்கு முன்னர் ஓட்டிசம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. இன்று முன்பள்ளி ஆசிரியை முதல் கல்யாணத் தரகர் வரை எல்லோரும் அந்தச் சொல்லைப் பாவிக்கின்றார்கள். விழிப்புணர்வு வந்திருப்பது நல்ல விடயம்தான். ஆனால் அதனோடு சேர்ந்து இன்னொரு பழக்கமும் வந்திருக்கின்றது. சற்று வித்தியாசமாகப் பேசுகின்ற எந்தப் பிள்ளையையும் அந்தச் சொல்லுக்குள் தள்ளிவிடுகின்றோம்.

சில மாதங்களுக்கு முன்னர் நான் அங்கம் வகிக்கும் ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் தாய் ஒருவர் குரல் பதிவொன்றை அனுப்பியிருந்தார். ஏழு வயதான அவரது மகள் எழுத்துக்களுக்கு நிறம் இருப்பதாகச் சொல்கின்றாளாம். எத்தனை முறை கேட்டாலும் அதே எழுத்துக்கு அதே நிறத்தையே சொல்கின்றாளாம். இணையத்தில் தேடிப் பார்த்தபோது இதற்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று போட்டிருந்ததாம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. குழுமத்தில் வந்த பதில்கள் மூன்று வகை. ஓதிப் பாருங்கள் என்றார் ஒருவர். உடனே கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார் இன்னொருவர். மாஷா அல்லாஹ், மேதையாக வருவாள் என்றார் மூன்றாமவர். மூன்று பேருமே நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். மூன்று பதில்களும் கேட்ட கேள்விக்கு வெளியே இருந்தன.

இதை நான் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. எனக்கும் எழுத்துக்களுக்கு நிறம் தெரியும். என் ராத்தாவின் மகனுக்கு ஓட்டிசம் இருக்கின்றது. அந்தத் தாய் கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்கப்பட்ட கேள்வி.

முதலில் சினெஸ்தீசியா என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு புலனைத் தூண்டும்போது, தூண்டப்படாத இன்னொரு புலனும் தானாகவே சேர்ந்து விழித்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கின்றார்கள். கிரேக்கச் சொல். 'சேர்ந்து உணர்தல்' என்று பொருள் கொள்ளலாம். சிலருக்கு எழுத்தையோ இலக்கத்தையோ பார்த்தால் நிறம் வரும். சிலருக்குச் சத்தத்தைக் கேட்டால் நிறமும் வடிவமும் வரும். மிக அரிதாகச் சிலருக்குச் சொற்களைக் கேட்டால் நாக்கில் ருசி தட்டும். கிழமை நாட்களும் மாதங்களும் தம் உடலைச் சுற்றி ஒரு வட்டமாகவோ வளைந்த பாதையாகவோ நிற்பதாக உணர்பவர்களும் இருக்கின்றார்கள். மற்றவரைத் தொடுவதைப் பார்த்தாலே தன் உடலில் தொடுகையை உணர்பவர்களும் உண்டு.

இது புதிய விடயமல்ல. 1812ஆம் ஆண்டு கெயோர்க் சாக்ஸ் என்ற ஜேர்மானியர், தோலில் நிறமி இல்லாத தனதும் தன் தங்கையினதும் நிலை பற்றி எழுதிய மருத்துவ ஆய்வேட்டில், தனக்கு எழுத்துக்களும் இலக்கங்களும் நாட்களும் நிறத்தோடு தோன்றுவதையும் சேர்த்து எழுதியிருந்தார். கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழைய பதிவு அதுதான். 1880இல் பிரித்தானியாவின் பிரான்சிஸ் கோல்டன் இலக்கங்களை மனதில் வரிசையாகக் காண்பவர்கள் பற்றி எழுதினார். பின்னர் நீண்ட காலம் விஞ்ஞானிகள் இதைக் கற்பனை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் 'எனக்குத் தெரிகிறது' என்று சொல்வதை எப்படி நம்புவது என்பதுதான் அவர்களது சங்கடம்.

அந்தச் சங்கடத்தைத் தீர்த்த வழி மிக எளிமையானது. 1987இல் சைமன் பரோன்-கோஹென் என்ற பிரித்தானிய உளவியலாளரும் அவரது குழுவினரும், சொற்களுக்கு நிறம் காணும் ஒரு பெண்ணிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து நிறங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, பல வாரங்களுக்குப் பிறகு முன்னறிவிப்பின்றித் திரும்பவும் கேட்டார்கள். நிறங்கள் மாறவில்லை. பின்னர் இதே முறையில் பலரைச் சோதித்தபோது, ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் இவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதே விடையைச் சொன்னார்கள். சினெஸ்தீசியா இல்லாதவர்களிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதே நாற்பதைக்கூட எட்டவில்லை. இதே பரோன்-கோஹென்தான் ஓட்டிசம் பற்றிய ஆய்விலும் உலகறிந்த பெயர். இரண்டு துறைகளும் ஒருவரது மேசையில் வந்து சேர்ந்ததால்தான் இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி பிற்காலத்தில் இவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டது என்று நான் நினைக்கின்றேன்.

இன்னொரு சோதனை, தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனும் அவரது மாணவர் எட்வர்ட் ஹபார்டும் 2001இல் வெளியிட்டது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் 5 என்ற இலக்கங்களை நிறையச் சிதறிவிட்டு, இடையில் சில 2 இலக்கங்களை முக்கோண வடிவில் ஒளித்து வைத்தார்கள். நாமெல்லாம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். 5 ஒரு நிறமாகவும் 2 இன்னொரு நிறமாகவும் தெரிபவருக்கு முக்கோணம் விரைவாகவே பிடிபட்டுவிடுகின்றது. எழுத்தையும் இலக்கத்தையும் அடையாளம் காணும் மூளைப் பகுதியும் நிறத்தைக் கையாளும் பகுதியும் அருகருகே இருக்கின்றன, இவர்களிடம் அவற்றுக்கிடையே வழமையை விட அதிகமான இணைப்பு இருக்க வேண்டும் என்பது அவர்களது விளக்கம். இணைப்பு எல்லோரிடமும் இருக்கின்றது, இவர்களிடம் அதைத் தடுத்து வைக்கும் பொறிமுறைதான் தளர்வாக இருக்கின்றது என்று வேறு சிலர் விளக்குகின்றார்கள். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

எத்தனை பேருக்கு இருக்கின்றது? பிரித்தானியாவில் ஜூலியா சிம்னர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏதாவது ஒரு வகைச் சினெஸ்தீசியா நூற்றுக்கு 4.4 பேரிடம் காணப்பட்டது. அதாவது நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பறையில் ஒருவர் அல்லது இருவர். ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. இது நோய்ப் பட்டியல் எதிலும் இல்லை. இதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை.

இனி என் கதை. எனக்கு 'ப' பச்சை, 'த' கடல் நீலம், 'க' ஈர மண், 'ம' மாதுளம்பழச் சிவப்பு. அச்சில் எழுத்து கறுப்பாகத்தான் இருக்கின்றது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கறுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிறமும் மனதில் வந்து நிற்கும். இந்த வித்தியாசம் முக்கியமானது. இது மாயத் தோற்றமல்ல. இல்லாத ஒன்றை இருப்பதாக நம்புபவருக்கும், தாளில் இல்லை என்று தெரிந்துகொண்டே உணர்பவருக்கும் பெரிய தூரம் இருக்கின்றது.

அரபு எழுத்துக்களைப் படிக்கத் தொடங்கியபோது அவற்றுக்குப் புதிதாக நிறம் வரவில்லை. ஏற்கனவே தெரிந்த தமிழ் எழுத்துக்களின் நிறத்தை அவை இரவல் வாங்கிக்கொண்டன. 'பா' பச்சையானது, 'தா' நீலமானது. இரண்டாவதாகப் படிக்கும் மொழியின் எழுத்துக்கள் ஒலியிலோ வடிவத்திலோ ஒத்த முதல் மொழி எழுத்தின் நிறத்தை எடுத்துக்கொள்வதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கின்றார்கள். இதில் எங்களுக்கென்று ஒரு வேடிக்கை இருக்கின்றது. இலங்கையில் நாங்கள் 'ரமழான்' என்று எழுதுகின்றோம். எனது 'ழ' கத்தரிப்பூ ஊதா. எனவே 'ழாத்' என்ற அரபு எழுத்தும் எனக்கு ஊதாதான், ரமழான் மாதம் முழுவதிலும் அந்த ஊதா கலந்திருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'ரமலான்' என்று பார்த்தால் எனக்கு அது வேறொரு மாதம் போல வெளிறித் தெரியும். வெள்ளிக்கிழமை இன்னொரு வேடிக்கை. சொல்லிலேயே வெள்ளி இருக்கின்றது. எனக்கு அது சற்றும் வெள்ளியாகத் தெரிவதில்லை, பாசிப் பச்சை.

மாதங்கள் என்னைச் சுற்றி இரண்டு வளையங்களாக நிற்கின்றன. வெளியே ஜனவரி முதல் டிசம்பர் வரை, உள்ளே முஹர்ரம் முதல் துல்ஹஜ் வரை. உள் வளையம் வருடத்துக்கு பத்துப் பதினொரு நாட்கள் நகரும். நோன்பு எந்த ஆங்கில மாதத்தில் வரும் என்று யாராவது கேட்டால் நான் கணக்குப் பார்ப்பதில்லை, திரும்பிப் பார்ப்பேன். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று பல வருடம் நினைத்திருந்தேன். சினெஸ்தீசியா உள்ளவர்கள் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே உப்புத்தானா என்று கேட்டுக்கொண்டு யாரும் சோறு தின்பதில்லை.

நன்மை இருக்கின்றது. தொலைபேசி இலக்கங்கள், வரலாற்றுப் பாடத்தின் ஆண்டுகள், பெயர்கள் எனக்கு இலகுவாக நிற்கும். சினெஸ்தீசியா உள்ளவர்களுக்கு நினைவாற்றல் சராசரியை விடக் கொஞ்சம் அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. 'கொஞ்சம்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தொல்லையும் இருக்கின்றது. என் 3 மஞ்சள், 4 நீலம். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சைதானே வர வேண்டும்? என் 7 செங்கல் நிறம். சிறு வயதில் கூட்டல் கணக்கு எனக்கு ஒருபோதும் நிம்மதி தந்ததில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை நிறமிட்ட தஜ்வீத் முஸ்ஹப். ஓதல் விதிகளை இலகுவாக்குவதற்காக நீட்டும் இடங்களைச் சிவப்பிலும், மூக்கொலியான குன்னாவைப் பச்சையிலும், உச்சரிக்காத எழுத்துக்களைச் சாம்பலிலும் அச்சிடுகின்றார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு அது பெரிய உதவி. எனக்கோ நீலமாக இருக்க வேண்டிய எழுத்து சிவப்பில் நின்றால், பெயர் மாறிப் போன ஆளைக் கூப்பிடுவது போல நாக்கு தடுக்கும். தன் நிறத்துக்கு முரணான நிறத்தில் அச்சிட்ட எழுத்தைப் பார்க்கும்போது சினெஸ்தீசியா உள்ளவர்கள் தாமதிப்பதை ஆய்வுகூடங்களில் பலமுறை அளந்திருக்கின்றார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதை எப்படிச் சொல்லும்? குர்ஆனின் நிறம் பிழை என்று நான் சொன்னதாகத்தான் ஓதல் பள்ளியில் விளங்கிக்கொண்டார்கள். வாப்பாவிடம் முறைப்பாடு போனது. வாப்பா பயந்துபோய் என்னை ஓதிப் பார்க்கும் ஒருவரிடம் கூட்டிச் சென்றார். அவர் ஜின் என்றார். அதன் பிறகு நான் நிறத்தைப் பற்றி இருபது வருடங்களுக்கு வாய் திறக்கவில்லை. ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஷிஃபாவுக்காக துஆ கேட்பது எமது ஈமானின் பகுதி. பிள்ளை என்ன சொல்கின்றது என்று கேட்காமலேயே தீர்ப்புச் சொல்வதைத்தான் சொல்கின்றேன்.

என் மருமகனின் கதை வேறு. ராத்தாவின் மகனுக்கு இப்போது பதினொரு வயது. இரண்டு வயதாகும்போது இருந்த ஐந்தாறு சொற்களும் போய்விட்டன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். எதையும் விரலால் சுட்டிக் காட்ட மாட்டான். மின்விசிறியின் சத்தத்தில் மணிக்கணக்காக இலயித்திருப்பவன், அடுத்த அறையில் மிக்சியைப் போட்டால் தலையை நிலத்தில் மோதிக்கொள்வான். புதுச் சட்டையின் கழுத்து லேபலை வெட்டாமல் உடுத்த முடியாது. வைத்தியசாலையில் ஓட்டிசம் என்று உறுதி செய்தார்கள். அவனுக்கும் எழுத்துக்கள் நிறமாகத் தெரிகின்றனவா என்று ராத்தா ஒருமுறை என்னிடம் கேட்டார். கேட்டு அறிந்துகொள்ளும் அளவுக்கு அவனிடம் பேச்சில்லை. இந்தச் சிறிய விடயம் பின்னால் சொல்லப்போகும் ஆய்வுகளை வாசிக்கும்போது மனதில் இருக்க வேண்டும்.

சரி, தொடர்பு உண்டா?

2013ஆம் ஆண்டு பரோன்-கோஹென் குழுவினர் ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்கள் 164 பேரையும் இல்லாதவர்கள் 97 பேரையும் ஒப்பிட்டார்கள். ஓட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 18.9 பேரும், இல்லாதவர்களில் 7.2 பேரும் சினெஸ்தீசியா இருப்பதாகக் கூறினார்கள். இணையத்தில் சுற்றும் கதையின் மூலம் பெரும்பாலும் இதுதான். இதை வாசிக்கும் முறை ஒன்று இருக்கின்றது. ஓட்டிசம் உள்ளவர்களிடம் சினெஸ்தீசியா அதிகம் என்பது ஒரு கூற்று. சினெஸ்தீசியா உள்ளவர்களுக்கு ஓட்டிசம் இருக்கும் என்பது முற்றிலும் வேறு கூற்று. முதலாவதைத்தான் அந்த ஆய்வு சொன்னது. அதிலும் ஓட்டிசம் உள்ள நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு சினெஸ்தீசியா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவர். சினெஸ்தீசியாவோ அதைவிடப் பல மடங்கு பரவலானது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், எழுத்துக்கு நிறம் காணும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஓட்டிசம் இருக்க வாய்ப்பில்லை என்பது விளங்கும்.

இன்னொன்று. அந்த ஆய்வு கேள்விக்கொத்தை நிரப்பக்கூடிய வளர்ந்தவர்களிடம் செய்யப்பட்டது. என் மருமகனைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

2017இல் வந்த இன்னொரு ஆய்வு விடயத்தை மேலும் கூர்மையாக்கியது. ஜேம்ஸ் ஹியூஸ், சிம்னர், பரோன்-கோஹென், ஜேமி வார்ட் முதலானோர் ஓட்டிசம் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நினைவாற்றல், திகதிக் கணிப்பு, இசை போன்ற ஏதாவதொன்றில் அசாதாரணத் திறமை உள்ளவர்கள் ஒரு பக்கம், அப்படி இல்லாதவர்கள் மறுபக்கம். சினெஸ்தீசியா அதிகமாக இருந்தது திறமை உள்ளவர்களிடம் மாத்திரமே. மற்றவர்களிடம் பொதுமக்களை விட அதிகமாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் டேனியல் டெமெட்டை உதாரணம் காட்டுவார்கள். இலண்டனில் பிறந்த அவருக்கு ஓட்டிசமும் சினெஸ்தீசியாவும் இரண்டும் உண்டு. 2004 மார்ச் 14ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் 'பை' என்ற கணித எண்ணின் 22,514 தசம தானங்களை ஐந்து மணித்தியாலங்களுக்கு மேலாக மனனமாக ஒப்புவித்தார். ஒவ்வொரு இலக்கமும் அவருக்கு நிறமும் வடிவமும் கொண்டது. எண்களின் வரிசை ஒரு நிலக்காட்சியாக விரிய, அதனூடாக நடந்துகொண்டே வாசிப்பது போல அவர் சொன்னார். வியப்பான மனிதர்தான். ஆனால் அவரைப் போன்றவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் போய், உங்கள் பிள்ளையிடம் என்ன மறைந்த திறமை இருக்கின்றது என்று கேட்பவர்கள் அந்தப் பெற்றோரின் சுமையைக் கூட்டுகின்றார்கள். என் ராத்தாவிடம் இதுவரை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். மருமகன் இப்போது தானாகவே செருப்பை மாட்டிக்கொள்கின்றான். அதற்கு மூன்று வருடப் பயிற்சி தேவைப்பட்டது.

உண்மையில் எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொரு கண்டுபிடிப்பு. ஜேமி வார்ட் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சினெஸ்தீசியா உள்ளவர்களிடம் சத்தம், வெளிச்சம், மணம், தொடுகை என்பன பற்றி விரிவாகக் கேட்டார்கள். அவர்களது விடைகள் ஓட்டிசம் உள்ளவர்களின் விடைகளை ஒத்திருந்தன. சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிய கூர்மை, சிலவற்றில் அளவுக்குக் குறைந்த உணர்வு. நுணுக்கமான விபரங்களைக் கவனிப்பதிலும் இரு சாராரும் ஒத்துப்போனார்கள். சமூகத் தொடர்பாடலில் அப்படி ஒத்துப்போகவில்லை. சுவீடனில் இரட்டையர்களிடம் செய்யப்பட்டு 2023இல் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. அதாவது இரண்டும் சந்திக்கும் இடம் புலன்களும் நுணுக்கமும்தான்.

ஓட்டிசத்தை இனங்காண வைத்தியர்கள் பாவிக்கும் அமெரிக்க வழிகாட்டி நூலில் புலனுணர்வு மாற்றங்கள் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டதே 2013இல்தான். அதற்கு முன்னர் பெற்றோர் சொல்லிச் சொல்லி அலுத்த விடயம் அது. ஆனால் அந்த நூலின்படி புலனுணர்வு மாற்றம் மாத்திரம் போதாது. சமூகத் தொடர்பாடலில் தொடர்ச்சியான சிரமம் கட்டாயம் இருக்க வேண்டும். எழுத்துக்கு நிறம் என்பது அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

இதை வாசித்த பிறகு மருமகனை நான் பார்க்கும் பார்வை மாறியது. எனக்கும் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் சத்தம் கூர்மையான வெள்ளைக் கோடாக நெற்றியில் இறங்கும். எனக்கு அது ஒரு கணத் தொல்லை. அதையே பத்து மடங்காக்கி, அதைச் சொல்வதற்கு வார்த்தையும் இல்லாமல் ஆக்கிவிட்டால் என்ன நடக்கும்? ஜும்ஆவுக்குக் கூட்டிச் சென்றால் குத்பா தொடங்கியதும் அவன் ஏன் காதைப் பொத்திக்கொண்டு கத்துகின்றான் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எமது பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒலிபெருக்கி, உள்ளே இருக்கும் இருநூறு பேருக்காக அல்ல, அடுத்த ஊருக்காகப் போடப்பட்டது போலத்தான் இருக்கின்றது. அவனது சத்தத்துக்காக ராத்தாவின் கணவரை ஒரு பள்ளிவாசலில் வெளியே போகச் சொன்னார்கள். பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்ட நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் உம்மத் நாங்கள். இப்போது அவனுக்குக் காதை மூடும் ஹெட்போன் ஒன்றை வாங்கியிருக்கின்றோம். வேறொரு பள்ளிவாசலில், ஒலிபெருக்கிக்குத் தூரமான பின் வரிசை மூலையில் இமாமே இடம் ஒதுக்கித் தந்திருக்கின்றார். இரண்டு ரக்அத்தையும் அங்கே நின்று முடிக்கின்றான்.

இனி யாரும் பகிரங்கமாகப் பேசாத விடயத்துக்கு வருகின்றேன். பரம்பரை. சினெஸ்தீசியா குடும்பங்களில் ஓடுகின்றது. அது உள்ளவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் இன்னொருவருக்கும் இருப்பதாகச் சொல்கின்றார்கள். ரஷ்ய எழுத்தாளர் நபொகோவ், அவரது தாய், மகன் மூவருக்கும் எழுத்துக்கள் நிறமாகத் தெரிந்தன. ஓட்டிசத்திலும் பரம்பரையின் பங்கு பெரியது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பிறகு பிறக்கும் சகோதரர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் அது காணப்படுகின்றது. 2009இல் சினெஸ்தீசியா உள்ள குடும்பங்களின் பரம்பரை அலகுகளை ஆராய்ந்தவர்கள், இரண்டாம் நிறமூர்த்தத்தில் சந்தேகத்துக்குரிய ஒரு பகுதியைக் கண்டார்கள். அது ஏற்கனவே ஓட்டிசத்தோடும் தொடர்புபடுத்திப் பேசப்பட்ட பகுதி. ஒரே ஒரு அலகு இரண்டையும் உண்டாக்குகின்றது என்று இதற்கு அர்த்தமில்லை. பல அலகுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரே மாதிரியான இரட்டையர்களில் ஒருவருக்கு மாத்திரம் சினெஸ்தீசியா இருந்த சம்பவங்களும் உண்டு. சூழலும் தன் பங்கைச் செய்கின்றது. அமெரிக்காவில் 6,588 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஆறு பேரின் எழுத்து நிறங்கள் 1970களில் விற்பனையான பிள்ளைகளின் காந்த எழுத்து விளையாட்டுப் பொருளின் நிறங்களோடு பொருந்தின.

பரம்பரை என்ற இந்தச் சொல் எமது ஊரில் என்ன செய்கின்றது தெரியுமா? வீட்டில் ஓட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக் குமர்களுக்குக் கல்யாணம் பேசி வருபவர்கள் படியோடு திரும்பிப் போகின்றார்கள். அதற்குப் பயந்து பெற்றோர் பிள்ளையை ஒளிக்கின்றார்கள். 'பேச்சுக் கொஞ்சம் பிந்தும், அவன் வாப்பாவும் அப்படித்தான்' என்று சொல்லிச் சொல்லி மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயது கடந்துபோகின்றது. மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் வருடங்கள் அவைதான். எங்கள் வீட்டிலும் மாமியார் தரப்பு இதையே சொன்னது. ராத்தா கேட்கவில்லை. அதற்கான விலையையும் அவர் கொடுத்தார், அதை இங்கே எழுத எனக்கு அனுமதியில்லை. இலங்கையில் ஓர் அரைநகர்ப்புறப் பிரதேசத்தில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. அப்படிப் பார்த்தால் எந்தப் பெரிய குடும்பத்திலும் தேடினால் யாராவது ஒருவர் இருப்பார். பெண் பார்க்க வந்து திரும்பிப் போனவர்களின் வீட்டிலும்தான்.

உங்கள் பிள்ளை எழுத்துக்கு நிறம் சொல்கின்றது என்றால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கின்றது. ஒரு கொப்பியில் எழுத்துக்களை முறைப்படி அல்லாமல் கலைத்து எழுதுங்கள். பக்கத்தில் நிறப் பென்சிலால் அதன் நிறத்தைப் பூசச் சொல்லுங்கள். நிறமில்லை என்று சொன்னால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். கொப்பியை எடுத்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் புதிய தாளில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஆறு, ஏழு வயதில் எல்லா எழுத்துக்கும் நிறம் உறுதியாகியிருக்காது, வயதோடுதான் ஒவ்வொன்றாக நிலைபெறும். எனவே பாதி பொருந்தினாலே அது கவனிக்கத்தக்கது. பொருந்தினால் வகுப்பாசிரியரிடமும் ஓதிக் கொடுக்கும் மௌலவியிடமும் சொல்லி வையுங்கள். நிற அச்சு தடுமாற வைத்தால் கறுப்பு அச்சு முஸ்ஹபைக் கொடுங்கள். வளர்ந்த ஒருவருக்குத் திடீரென இப்படித் தோன்ற ஆரம்பித்தால் மாத்திரம், அதுவும் தலையில் அடிபட்ட பின்னரோ, வலிப்போடோ, கடும் தலைவலியோடோ, பார்வை குறைந்த பின்னரோ வந்தால், வைத்தியரைக் காண வேண்டும்.

ஓட்டிசத்துக்கான கேள்விகள் வேறு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் தனக்கு விருப்பமானதை விரலால் சுட்டிக் காட்டவில்லையா? இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையா? பேசிய சொற்கள் மறைந்துவிட்டனவா? இவற்றில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று வந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லி எம்.ஓ.எச். அலுவலகத்தின் ஊடாகப் பிள்ளை வைத்திய நிபுணரிடம் கடிதம் வாங்குங்கள். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும், றாகமையில் உள்ள அயதி நிலையத்திலும் இதற்கான சேவைகள் இருக்கின்றன. தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் தமது மாவட்டப் பொது வைத்தியசாலையில் விசாரிக்கலாம். போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும், பிள்ளை வீட்டில் விளையாடும் இரண்டு மூன்று வீடியோக்களையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை நடந்துகொள்வதை மாத்திரம் வைத்து அவர்களால் எல்லாவற்றையும் கண்டுகொள்ள முடியாது.